ஆடும் பல்லுக்கு ஒரு சாட்சி

1.
இந்தக் கதை நீதிமன்றத் தாழ்வாரத்தில் கிடைத்தது. வேறு வேலையாகப் போயிருந்தேன். ஒரு வக்கீல் இன்னொருவரிடம், "அறைஞ்சத ஒத்துக்கிறோம். பல்லு அதுலதான் விழுந்துச்சுன்னு அவங்கதான் நிரூபிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். அந்த வாக்கியத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

2.
முதல் தொடக்கம்: 'வானம் இருண்டிருந்தது. தையல்காரர் தன்...' (வேண்டாம். வானத்துக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?)

இரண்டாம் தொடக்கம்: தையல்காரர் மைத்துனனுக்குக் கால்சட்டை தைத்துக் கொடுத்தார். நேர்முகத் தேர்வில் அவன் உட்கார்ந்தான். கால்சட்டை சம்மதிக்கவில்லை, பின்பக்கம் டர்ரென்று பிரிந்தது. வேலை கிடைக்கவில்லை. நேரே கடைக்கு வந்து மாமாவை ஓங்கி ஓர் அறை விட்டான். முன்பல் தெறித்துப் பொத்தான் டப்பாவுக்குள் விழுந்தது.

(புகாரின் பேரில் வந்த காவலர், பல் என்று நினைத்து முதலில் உறையிலிட்டு முத்திரை வைத்தது ஒரு சட்டைப் பொத்தானுக்கு. இதைக் கற்பனை செய்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.)

வெறும் அறை என்றால் அபராதத்தோடு போய்விடும். அறையால்தான் பல் போனது என்றால் சிறை. பல் பாறை மாதிரி இருந்தது என்று தையல்காரர் சத்தியமே செய்துவிட்டார்.

3.
பல் மருத்துவரை வரவழைத்தேன். பல் விழுந்தது உண்மை, முன்பே ஆடியதா என்று சொல்வதற்கில்லை என்று மழுப்பினார். கதைக்கு உதவாத மனிதர். அனுப்பிவிட்டேன்.

மிஞ்சியவள் தையல்காரரின் மனைவி. அறைந்தவன் அவள் கூடப்பிறந்த தம்பி. அவளுக்கு மட்டும் ஒன்று தெரியும். கணவர் நூலை எப்போதும் அந்தப் பல்லால்தான் கடித்து அறுப்பார். அறை விழுவதற்குச் சில வாரங்கள் முன்பே, கத்தரியைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

4.
அவளைக் கூண்டில் ஏற்றினேன். தம்பியின் வக்கீல் கேட்டார்: "அறை விழறதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்காரர் நூலை எதாலம்மா அறுத்தாரு?"

முடிவு அ: கத்தரியால் என்கிறாள். தம்பி தப்பிக்கிறான். கணவர் ஊரறியப் பொய்யர். (பாவம், பல்லோடு மானமும் போயிற்று.)

முடிவு ஆ: பல்லால் என்கிறாள். தம்பி உள்ளே போகிறான். அவள் ஆயுசுக்கும்... (எழுத மனம் வரவில்லை.)

முடிவு இ: மின்சாரம் போய்விடுகிறது. (வெட்கக்கேடு.)

அவள் கூண்டிலிருந்து நேராக என்னைப் பார்த்தாள். "எழுதறது நீங்கதானே? நீங்களே சொல்லித் தொலைங்க. பழி மட்டும் எனக்கா?"

நியாயம்தான். எனக்குத் துணிச்சல் இல்லை. அதனால் பேனாவை உங்களிடம் நீட்டுகிறேன், எந்தப் பதிலை வேண்டுமானாலும் எழுதுங்கள். எழுதுமுன் அவள் காலடியில் இருக்கும் தூக்குவாளியை ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள். மத்தியானச் சாப்பாடு கட்டி வந்திருக்கிறாள், கணவருக்கும் தம்பிக்கும் சேர்த்து.