தூசிப்பை

இரவல் வாங்கிய சாமானைத் துடைத்துத் திருப்பிக் கொடு. மெஷினில் தூசிப்பை இருந்தால் காலி செய்து கொடு. நியூகாசிலின் அந்தப் பழைய தெருவில் இருந்த சட்டம் அவ்வளவுதான். ஏணி ஒரு வீட்டில், டிரில் ஒரு வீட்டில் என்று கிடந்தாலும் எல்லாம் எல்லோருக்கும் பொது. ஆளைக் கூப்பிட்டுச் செய்வது அங்கே கௌரவக் குறைச்சல். தெரியாத வேலையைத் தெரிந்தவர் வந்து சொல்லிக்கொடுத்துவிட்டு, கூலியாக ஒரு பீரைக் குடித்துவிட்டுப் போவார்.

ஹீதர் வீட்டின் பங்கு, மரம் தேய்க்கும் சாண்டிங் மெஷின். பக்கத்து வீட்டு டெஸ் குளியலறைச் சுவர் வேலைக்கு அதை வாங்கிப்போய், அந்த வாரம்தான் திருப்பிக் கொண்டுவந்து வைத்திருந்தார். மகள் மேசியின் குட்டி நாற்காலியைத் தேய்க்கலாமென்று ஹீதர் மெஷினை எடுத்தபோது பை கனத்தது. கிழவர் காலி செய்யவில்லையே என்று முணுமுணுத்துக்கொண்டே அதைக் கழற்றி கராஜ் வாசலில் தட்டினாள்.

விழுந்தது மரத்தூள் இல்லை. சாம்பல் வெள்ளையாக, பவுடர் போலக் காற்றில் எழும்பி மெதுவாக இறங்கியது. இரண்டு வயது மேசி அதில் விரலால் கோடு இழுத்து, "மாவு" என்றாள்.

ஹீதர் அவள் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அந்தத் தெருவின் பல வீடுகளில் சுவரே ஆஸ்பெஸ்டாஸ் தட்டிதான். சும்மா கிடக்கும்வரை சாது. தேய்த்துத் தூளாக்கினால் யமன். மூச்சோடு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, முப்பது வருஷம் கழித்துக்கூட நெஞ்சைப் பிடிக்கும். அப்போது மேசிக்கு இன்றைய ஹீதரின் வயது இருக்கும்.

குழந்தையை உடுப்போடு தூக்கிக்கொண்டுபோய் ஷவரில் நிறுத்தினாள். உடுப்பைக் கட்டி எறிந்தாள். ஈரத்துணியில் ஒற்றிய தூளைச் சோதனைக்கு அனுப்பினாள். பிறகு காத்திருப்பு. மேசி தும்மினால் ஹீதருக்கு மூச்சு நின்றது. தூங்கும் குழந்தையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். கேட்டு என்ன தெரியப்போகிறது? பயத்துக்குப் புத்தி ஏது. கராஜைப் பூட்டினாள். மேசியை வெளியே விடாமல், பின்பக்கத்து மஞ்சள் அறையிலேயே விளையாட வைத்தாள். டெஸ் வேலிக்கு அப்பாலிருந்து கையசைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த மனிதரை அவள் அப்போது மனதார வெறுத்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் சோதனைக்கூடத்திலிருந்து போன் வந்தது. ஆஸ்பெஸ்டாஸ்தான், சந்தேகமே இல்லை என்றார்கள். மேசி தூங்கிக்கொண்டிருந்தாள். ஹீதர் நேரே வேலிக்குப் போய் டெஸ்ஸைக் கூப்பிட்டாள்.

"உங்க சுவர்த் தூளு ஆஸ்பெஸ்டாஸ், டெஸ். பையக் காலி பண்ணாமக் குடுத்துட்டீங்க. மேசி அதுல கைய வச்சுட்டா."

எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் மனிதர், கையிலிருந்த டீக் கோப்பையை வேலிக் கம்பத்தின்மேல் வைத்தார்.

"என் சுவரு செங்கலும்மா. டைல்ஸத்தான் பேத்தேன். ஒட்டியிருந்த சிமெண்டு கல்லாட்டம் கெடந்துச்சு, உன் மெஷின் தாங்காதுன்னு உளியாலயே சுரண்டிட்டேன்."

"அப்ப அந்தப் பை?"

"மெஷின நான் பிளக்குலயே மாட்டலையே. குடுத்தபடி கொண்டாந்து வச்சேன். நான் தேய்க்காத தூளு எனக்கெதுக்குன்னு பையத் தொடல."

சட்டம் இரவல் வாங்கியவருக்குத்தான். கொடுக்கிறவர் காலி செய்து கொடுக்க வேண்டுமென்று யாரும் சட்டம் போட்டிருக்கவில்லை.

டெஸ்ஸுக்கு முன்னால் மெஷினைப் பிடித்த கை யாருடையது என்று ஹீதர் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. குளிர்காலத்தில் அவள் கணவன் கிரெய்க் பின்பக்கத்துத் தாழ்வாரத்தை மேசிக்கு அறையாக்கினான். பழைய சுவர்த் தட்டியைப் பார்த்து, பிளைவுட் என்றான். அவளும் நம்பினாள். மஞ்சள் பெயிண்ட் அடிக்குமுன் அவன் மூலைமுடுக்கெல்லாம் தேய்த்தான். வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்று அவள் சுவரைத் தடவிப் பாராட்டினாள். தரையில் கிடந்ததை வெறும் துடைப்பத்தால் பெருக்கிவிட்டு, தொட்டிலைக் கொண்டுவந்து போட்டதும் அவள்தான்.

"புள்ள எங்கம்மா?" என்றார் டெஸ்.

"அவ ரூம்லதான், தூங்குறா. வெளித் தூசி உள்ள வரக்கூடாதுன்னு ஜன்னல், கதவெல்லாம் சாத்தி வச்சிருக்கேன்."

சொல்லும்போதே அவள் வீட்டைப் பார்த்து ஓடத் தொடங்கியிருந்தாள்.