கடைசி நாலு நம்பர்

மதிக்கு வயிறு எரிந்தது. லேசாக இல்லை, திகுதிகுவென்று எரிந்தது. துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப்போகும் லாரிகள் வரிசையில் எத்தனையாவதாக நிற்கின்றன என்று காட்டும் ஆப் ஒன்றை அவள் ஆபீஸ் செய்துகொண்டிருந்தது. லாரிக்கு ஒரு வரி. அந்த வரி எப்படித் தெரிய வேண்டும் என்று இரண்டு வாரம் மாரடித்திருந்தாள்: ஓரம் வளைந்த பெட்டி, இளநீலம், லாரிப் படம், டிரைவர் பெயர், முழு நம்பர். நேற்று வந்து சேர்ந்த ஜெஸ்லின், ராயபுரத்து மளிகைக் கடைக்காரர் மகள், ஒரே நாளில் வேறொன்று போட்டு நீட்டினாள். படமும் கிடையாது, நிறமும் கிடையாது. முதலாளி இரண்டையும் பார்த்துவிட்டு, "டிரைவருங்க எதைச் சொல்றாங்களோ அதுதான். மதி, நீயே கேட்டுட்டு வா" என்றார்.

எர்ணாவூர் லாரி ஷெட்டில் உச்சி வெயில். மதி நேரே லாரி ஓட்டும் அப்பா டில்லிபாபுவிடம் போய் ஆபீஸ் போனை நீட்டினாள். எது யாருடையது என்று சொல்லவில்லை. அந்த அளவு நியாயம் அவளிடமும் இருந்தது.

அவளுடைய வரிகள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. அப்பா கண்ணைச் சுருக்கினார். "ஒண்ணியும் தெர்ல மா."

அடுத்ததைத் திறந்தார். வரிக்கு வரி கடைசி நாலு நம்பர் மட்டும் கறுப்பாக, கொட்டை கொட்டையாக. மற்றதெல்லாம் அடியில் பொடியாக.

"தோ பார்றா! நாப்பது எழுவத்தொண்ணு, ஒம்போதாவதா கீது நம்ம வண்டி!" அப்பாவின் முகமெல்லாம் பல். "இதானே நீ பண்ணது? லாரிக்காரன் வூட்ல பொறந்தவளுக்குத்தான் தெரியும், எவனும் முழு நம்பர் சொல்ல மாட்டான்னு. டேய் ராமதாஸ், எம்பொண்ணு இன்னா பண்ணிகீறா வந்து பாரு!"

மதி தள்ளிப் போய்த் தன் போனில் ஜெஸ்லினைக் கூப்பிட்டாள். "அந்த நாலு நம்பர் உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதானே அக்கா சொன்னீங்க? 'நாப்பது எழுவத்தொண்ணு வந்தாத்தான் எங்க வூட்ல கொழம்பு கொதிக்கும்'னு நேத்துச் சாப்பிடறப்ப சிரிச்சீங்களே. டிரைவருங்க என்னக்கா சொன்னாங்க?"

மதியே தன் வாயால் தூக்கிக் கொடுத்திருக்கிறாள், பாவி!

"உன்னோடதுதான் பிடிச்சிருக்காம்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அது ஜெஸ்லின் போட்டது என்று அப்பாவிடமும் சொல்லிவிடத்தான் திரும்பி நடந்தாள். பக்கத்து வண்டி டிரைவர் ராமதாஸ் போனைப் பார்த்துவிட்டு அவள் தலையில் கை வைத்து, "ஷோக்கா கீது மா" என்றார். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

மதி சிரித்து வைத்தாள்.