எட்டாவது குபு

கதவுத் தாழ்ப்பாளில் சுற்றியிருந்த பழந்துணியைச் சபியா இன்னும் இறுக்கிக் கட்டினாள். அது லேசாகச் சத்தம் போட்டாலும் போதும், உள்ளே படுத்திருந்த அவள் கணவர் அப்துல் கய்யூமின் உடம்பு வில்லாக வளைந்து, தலையும் குதிகாலும் மட்டுமே பாயில் பட நிற்கும். விடிந்ததிலிருந்து நாலு தடவை அப்படி ஆகிவிட்டது. கோழிகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியாயிற்று. மரக்கட்டைச் செருப்போடு வந்தவர்களை வாசலிலேயே கழற்றச் சொன்னாள்.

காலில் முள்கம்பி குத்திப் பத்து நாள். தாடை பூட்டிக்கொண்டு மூன்று நாள். புண்ணைப் பார்க்க வந்த ஆஸ்பத்திரி டிரெசர் ராஜரத்தினம் அவளைக் கொல்லைப் பக்கம் அழைத்துப் போனார்.

"இதுக்கு ஊசி இருக்கும்மா. ஆனா ஜப்பான்காரன் வந்த இந்த ஒன்றரை வருஷத்துல அதை நான் கண்ணால பாக்கல."

சொல்லிவிட்டுச் சத்தம் வராமல் பெருவிரலை ஊன்றி ஊன்றி நடந்து போனார்.

சபியா பல்லிடுக்கில் கஞ்சித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். பாதி கழுத்தில் வழிந்தது.

யுத்தத்துக்கு முன்னால் கய்யூம் ஓர் இன்ஜினியர் ஆபீசில் படம் வரைபவராக இருந்தார். வெள்ளைக்காரன் ஓடியபின் ஆபீசைப் பூட்டிவிட்டார்கள். தம்பி ஷரீஃபுதீனின் கடையில் மரவள்ளிக் கிழங்கு நிறுத்துப் போட்டார். ஆனால் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் சைக்கிளை எடுத்துவிடுவார். டயர் கிடைக்காத காலம். சக்கரத்தில் ரப்பர் குழாயைச் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தார். அதில் கடகடவென்று கடற்கரைக்குப் போவார். கடல்வழியாக எதிரி வருவான் என்று வெள்ளைக்காரன் அங்கே சிமெண்டில் குபுக்கள், சின்னச் சின்னக் காவல் அரண்கள், கட்டியிருந்தான். அவற்றில் எட்டுக்குப் படம் போட்டவர் கய்யூம். ஆபீஸ் இருந்தவரை ஒன்றையும் நேரில் பார்த்ததில்லை. எதிரியோ கடல் பக்கமே வராமல், தரை வழியாகச் சைக்கிளில் வந்து சேர்ந்தான்.

ஒரு தடவை சபியாவையும் பின்னால் உட்காரவைத்துத் தஞ்சோங் கிளிங் கரை வரை கூட்டிப்போனார். குபுவுக்குள் நண்டுகள் ஓடின. துப்பாக்கி நீட்டுகிற துவாரத்துக்கு முன்னால் அவளை நிறுத்தினார்.

"இந்தச் சாய்வு நான் போட்டது. உள்ள நின்னா கரை முழுசும் தெரியும் பாரு."

"இதுலேருந்து யாரும் சுடவே இல்லையே."

"அதனால என்ன? கோணம் சரியாத்தானே இருக்கு!"

வீடு வந்து சேரும்வரை சபியா சிரித்துக்கொண்டே வந்தாள்.

ஒவ்வொரு குபுவாக அளந்து, நீல அட்டை நோட்டில் வரைந்து வைத்தார். நிஜக் கட்டடத்தில் எங்கே எத்தனை அங்குலம் மாறிவிட்டது என்று ஓரத்தில் எழுதுவார். அந்த நேரங்களில் மட்டும் அவர் பழைய கய்யூமாக இருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, அவர்கள் குடியிருந்த காஜா பெராங்கில் இரண்டு சந்து தள்ளி ஒரு வீட்டில் சிப்பாய்கள் நுழைந்தார்கள். பழைய மேப் ஒன்று கிடைத்ததாம். அந்த வீட்டுக்காரரை உளவாளி என்று லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சபியா வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள். நோட்டைத் தாள் தாளாகக் கிழித்து, கிழங்கு வெந்துகொண்டிருந்த அடுப்பில் போட்டாள். அட்டை மட்டும் எரிய நேரமாயிற்று.

சாயங்காலம் அவர் அலமாரியைக் கிளறினார்.

"என் நோட்டைப் பாத்தியா?"

"போன வாரம் கொண்டுட்டுப் போனீங்கள்ல? எந்தக் குபுலயாச்சும் வச்சிட்டு வந்திருப்பீங்க."

யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்துவிட்டது. இந்தப் பயம் அடங்கட்டும், பிறகு சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அவர் "இருக்கும், இருக்கும்" என்று தலையாட்டினார். அவள் பேச்சை அவர் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

அன்றிலிருந்து கிடைத்த நேரமெல்லாம் கடற்கரைக்குப் போய்த் தேடினார். ஏழாவது குபுவிலிருந்து நொண்டிக்கொண்டு திரும்பினார். மணலில் புதைந்திருந்த முள்கம்பி செருப்பைத் துளைத்துக் குதிகாலில் இறங்கியிருந்தது.

"ஏழுலயும் இல்ல. இனி செமாபோக் பக்கம் இருக்கற எட்டாவதுதான் பாக்கி," என்று காலைக் கழுவிக்கொண்டே சிரித்தார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சபியா மஞ்சளைக் குழைத்துக் கட்டினாள்.

இப்போது மதியம் திரும்பியிருந்தது. அவர் கண்கள் திறந்தேயிருந்தன. அறையில் வேறு யாருமில்லை. சபியா அவர் காதருகே குனிந்தாள்.

"ஏங்க... அந்த நோட்டு..."

உடம்பு வில்லாய் எழும்பியது. பல் நெரிகிற சத்தம் கேட்டது. அவள் தன் வாயைத் தானே துப்பட்டியால் அடைத்துக்கொண்டாள்.

அசர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால், கிணற்றடியில் யாரோ வாளியைத் தவறவிட்டார்கள். தகரம் கல்லில் மோதி உருண்டது. சபியா பதறி அவரைப் பிடிக்கப் போனாள். அவர் உடம்பு அசையவில்லை.

உடலைச் சுற்றும் கஃபனுக்குப் புதுத் துணி ஊரில் எங்கும் கிடைக்கவில்லை. தன்னிடமிருந்த வெள்ளைத் துப்பட்டிகள் இரண்டையும் எடுத்துக் கொடுத்தாள். அதுவும் பற்றாமல் ஜன்னல் திரையைக் கழற்றிச் சேர்த்தார்கள்.

"அந்தக் காட்டுக் கரையில இவருக்கு என்னதான் வேலை?" என்றாள் பக்கத்து வீட்டு மும்தாஜ்.

"காத்து வாங்கப் போவாராம்," என்றாள் இன்னொருத்தி.



மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்து எல்லாரும் போனபிறகு ஷரீஃபுதீன் கூடத்துக்கு வந்தார். ஆண்கள் கண்ணில் படாமல் இத்தா இருந்த சபியா அறைக்குள், வாசல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். திரை தரையைத் தொடாமல் இரண்டு சாண் மேலே நின்றது. அவர் கால்கள் மட்டும் தெரிந்தன.

"மதினி, அண்ணன் சைக்கிளை எடுத்துக்கறேன். சாயங்காலம் கொண்டாந்து விட்டுடறேன்."

"எங்க தம்பி போறீங்க?"

"செமாபோக்குக்கு. வாய் பூட்டறதுக்கு முந்தின நாள் அண்ணன் சொன்னாரு. எட்டாவது குபுல நோட்டு இருக்கும், எடுத்து உங்ககிட்ட குடுத்துடணும்னு."

"எங்கிட்டயா?"

"ஆமா. 'அது தொலைஞ்சதுலேருந்து உன் மதினி சரியாச் சாப்பிடல. எனக்காக இல்லடா, அவளுக்காகத்தான் தேடறேன்'னாரு."

சபியாவின் கை திரையின் ஓரத்தைப் பற்றியது.

"போக வேணாம் தம்பி. அங்கல்லாம் கம்பி கிடக்கு."

"பாத்து நடக்கறேன் மதினி. வாக்குக் குடுத்துட்டேன்."

அவர் குனிந்து கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டத் தொடங்கினார். முதலில் வலது கால். பிறகு இடது. பாதங்கள் வாசல் பக்கம் திரும்பின.

"தம்பி," என்றாள். "அது அங்க இல்ல."

பாதங்கள் நின்றன.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் அடுப்புல போட்டேன்."

தெருவில் ஒரு மாட்டு வண்டி முழுதாகக் கடந்து போயிற்று.

"அண்ணனுக்கு..."

"தெரியாது."

நாற்காலி இழுபடும் சத்தம் வந்தது. திரைக்குக் கீழே அவர் கை இறங்கி, சுருட்டிய கால்சட்டையை ஒரு காலில் மெதுவாக இறக்கிவிட்டது. மறுகாலுக்கு அந்தக் கை வரவேயில்லை.