நடக்காத ஐந்தாம் பாகம்

'கடைசிக் கவசம்' என்று பெயர் வைத்துவிட்டு ஆறாம் பாகம் வரை இழுத்தவர்களை என்னவென்று சொல்வது? ஆனாலும் முதல் நாளே போய் உட்கார்ந்தேன். கூப்பிட்டது கோபிநாத், என் கணவர். ஒரு வருடமாக நான் காலாப்பட்டில் என் அக்கா வீட்டில் இருக்கிறேன். அவர் உப்பளத்தில் எங்கள் வீட்டில் தனியாக. கல்யாணமானதிலிருந்து இந்தப் படத்தின் எந்தப் பாகத்தையும் நாங்கள் தனித்தனியாகப் பார்த்ததில்லை. படம் விட்டதும் அவர் வண்டியில் ஏறி வீட்டுக்குப் போவதா, காலாப்பட்டு பஸ்ஸைப் பிடிப்பதா? அது அவர் வாயைத் திறப்பதைப் பொறுத்தது என்று வைத்திருந்தேன்.

தியேட்டர் நிரம்பி வழிந்தது. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு சீட் மட்டும் காலி. கேட்டவர்களிடமெல்லாம், "ஆள் வருதுங்க" என்றார் கோபி. அவருடைய அக்கா கமலாவை நடுவில் உட்காரவைத்துப் பஞ்சாயத்து பேசப்போகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படம் படு மொக்கை. நாயகனுக்குத் தமிழ்க் குரல் கொடுத்தவரையே மாற்றிவிட்டார்கள். புதுக்குரல்காரர் உலகம் அழியும்போதும் பல்வலி வந்தவர் போல முனகினார். அதைக்கூட மன்னித்துவிடுவேன். நாயகனின் மகள் ஐந்தாம் பாகத்திலேயே செத்துப்போனவள். இதில் துப்பாக்கியோடு வந்து நிற்கிறாள். எப்படி? "காலத்தையே மாத்திட்டோம். அது நடக்கவே இல்ல" என்று ஒரு விஞ்ஞானி ஒரே வரியில் முடித்துவிட்டார். அதற்கு விசில் வேறு.

ஐந்தாம் பாகம் பார்த்தபோது எனக்கு ஆறாம் மாதம். அந்த மகள் சாகும் இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அடுத்த வாரமே என் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் கோபி சேதராப்பட்டு கம்பெனிக்கு வேலைக்குப் போனார். அப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நான் பேச்செடுத்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவார். அந்த வீட்டில் அது நடக்கவே இல்லை. அதனால்தான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

வெளியே வண்டியருகில் வந்ததும், "படம் எப்புடி?" என்றார்.

"செத்தவளப் பத்தி ஒரு வார்த்த பேசாம, நடக்கவே இல்லன்னுட்டா ஆச்சா? பாத்து அழுதவங்கள்லாம் லூசா?" கத்தியே விட்டேன். பக்கத்தில் பைக் எடுத்தவர் திரும்பிப் பார்த்தார். "ஆமா, உங்க அக்கா ஏன் வரல?"

"அக்காவா? அத யாரு கூப்ட்டா?"

"அப்ப அந்த சீட்டு யாருக்கு?"

அவர் சாவியைத் திருகிக்கொண்டே நின்றார்.

"போன தடவ வெளிய வரும்போது நீதான சொன்ன. அடுத்த பார்ட்டுக்கு மூணு டிக்கெட் எடுக்கணும்னு."

சொல்லியிருக்கிறேன். வயிற்றைத் தடவிக்கொண்டே சிரித்துச் சொன்னது. எனக்கே மறந்துவிட்டது.

"வேற யாரையும் அதுல உக்கார வுட மனசு வரல துர்கா." சாவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உன் மொகத்தப் பாத்தா எனக்கு அதப் பேச வரல. எப்பவுமே வரல."

காலாப்பட்டு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஊர்ப்பெயரைக் கூவினார். நான் கோபியின் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டேன்.

"நான் ஓட்டறேன். நீங்க பின்னாடி உக்காந்து பேசிக்கிட்டே வாங்க" என்றேன்.