சத்தம் போடாத டயர்

அமலதாஸின் டபுள் கெப் வண்டி மஹய்யாவைத் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிடலாம். அவர் மனைவி கத்தரீனா அப்படித்தான் வைப்பாள். இஞ்சினைக் குறை சொல்ல முடியாது; அது தன் வயதுக்கேற்ற அடக்கத்தோடுதான் ஓடியது. சத்தமெல்லாம் டயர்களுடையது.

ஹேவாஹெட்டைப் பக்கம் ஒரு பண்ணையிலிருந்து பூவும் அலங்கார இலையும் ஏற்றிக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறக்குவது அவருடைய தொழில். முன்பெல்லாம் பண்ணைக்குப் போகிற பாதையில் பாதை என்ற பெயர்ப்பலகை மட்டும்தான் ஒழுங்காக இருந்தது. அதற்காக வாங்கியவை அந்தச் சேற்று டயர்கள். ஒவ்வொரு பல்லும் சவர்க்காரக் கட்டி அளவு. பிறகு பண்ணைக்காரர்கள் கட்டுகஸ்தோட்டையிலேயே ஒரு சேகரிப்பு நிலையம் திறந்தார்கள். அன்றிலிருந்து கெப் சேற்றைப் பார்க்கவில்லை. கட்டுகஸ்தோட்டையில் ஏற்றி, கலகெதரை வழியாகக் குருநாகலுக்குப் போய், அங்கே ஹைவேயில் ஏறி, மீரிகமையில் இறங்கினால் மிச்சமும் தார்தான். சேற்றுக்குப் பிறந்த டயர்கள் தாரில் போகிற தூரம் முழுக்க அழுதுகொண்டே போயின. ஹைவேயில் வேகம் பிடித்தால் அந்த அழுகை, விமானம் கிளம்பப்போகிற மாதிரி உயர்ந்து, கிளம்பாமல் அப்படியே நிற்கும்.

கத்தரீனா போன வருடம் இறந்துபோனாள். டயர்கள் இருந்தன.

இப்போது அவற்றை மாற்றவேண்டி வந்தது மகள் அனற் காரணமாக. நீர்கொழும்பில் கட்டிக்கொடுத்த பெண். எட்டு மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வருவது முறை. ஆனால் தாய் இல்லாத வீட்டைத் தாய்வீடு என்று எடுப்பதா இல்லையா என்பதில் சம்பந்தி வீட்டுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அவர்கள் நல்ல மனிதர்கள், நேரே கேட்கவில்லை. "இங்க ஆஸ்பத்திரி பக்கத்திலதானே" என்று மட்டும் போகவர வீட்டார் மூன்று பேரும் சொன்னார்கள்.

பக்கத்து வீட்டு சுந்தரி அந்தச் சந்தேகத்தை ஏற்றுக்கொள்ளவில்லை.

"நாலு பெத்தவ நானு. பத்தியம் வைக்கத் தெரியாதா எனக்கு? நீங்க போயி புள்ளைய கூட்டிக்கிட்டு வாங்கண்ணே. கத்தரீனா அக்கா மேலேர்ந்து பாத்தா என்னையதான் ஏசும்."

அப்படியே எல்லாம் சரியாகி வந்தபோதுதான் மருமகன் கிஷான் டயரைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு விமான நிலையத்தில் வேலை. பெட்டி இழுக்கிற வண்டிகளின் சில்லைப் பார்த்து, ஓடலாம், ஓடக்கூடாது என்று சொல்லுகிற வேலை. மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் போகாத வண்டிக்கே அவ்வளவு கண்டிப்பு. மாமனாரின் கெப் தன் வீட்டு வாசலில், மழை நாளில், பிரேக் பிடித்த பிறகும் ஒரு முழம் முன்னால் வந்து நின்றதை அவன் மறக்கவில்லை.

"மாமா, கோவிக்காதீங்க," என்றான் தொலைபேசியில். "பல்லு பெரிசா இருந்தா மட்டும் காணாது. ஈர ரோட்டில அது பிடிக்காது. பக்கமெல்லாம் வெடிச்சும் போயிருக்கு. டயர் மாத்தினா மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை அனற்ற அனுப்புறேன். இல்லாட்டி இங்கேயே இருக்கட்டும்."

"மாத்துறேன்," என்றார் அமலதாஸ்.

சொல்லிவிட்டு இரண்டு கிழமை மாற்றாமல் இருந்தார். இப்போது அந்த ஞாயிறுக்கு முந்திய வெள்ளிக்கிழமை.

காரணத்தை யாரிடமும் சொல்ல முடியாது. கத்தரீனா இருந்த காலத்தில் வீட்டில் வேலையில்லாத நாட்களில் அவளும் முன் இருக்கையில் வருவாள். ஹைவேயில் ஏறியதும் கண்ணாடியில் தொங்கும் செபமாலையைக் கழற்றிக் கையில் எடுப்பாள். குருநாகலில் ஏறி மீரிகமையில் இறங்குவதற்குள் ஐம்பத்துமூன்று மணியும், பத்துப் பத்தாக, சரியாக முடியும். ஒவ்வொரு மணிக்கும் அருள் நிறைந்த மரியே என்று முன்பாதியை அவள் சொல்ல வேண்டும், புனித மரியே என்று பின்பாதியை அவர் சொல்ல வேண்டும். டயர் போடுகிற சத்தத்தில் அவள் சொல்வது அவர் காதில் விழாது. அதனால் அவளே ஓர் ஏற்பாடு செய்தாள். தன் பாதி முடிந்ததும் டாஷ்போர்டில் ஒரு தட்டுத் தட்டுவாள். தட்டியதும் அவர் தொடங்குவார். இப்படியே வருடக்கணக்கில் அவள் தட்டினாள், அவர் வேண்டிக்கொண்டார்.

அவள் போன பிறகும் அவர் நிறுத்தவில்லை. இடைவெளி அவருக்கு மனப்பாடம். ஓர் உதட்டசைவு நேரம் பொறுத்து, தானே டாஷ்போர்டில் தட்டி, தன் பாதியைச் சொல்வார். முன்பாதியைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. அது முன்பும் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை. அந்தச் சத்தம் இருக்கிற வரைக்கும், பக்கத்து இருக்கையில் யாரும் சொல்லவில்லை என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது.

இதைக் கிஷானுக்கு எப்படி விளங்கப்படுத்துவது.

அக்குறணையில் அரூஸின் டயர் கடை மாத்தளை வீதியைப் பார்த்தபடி இருந்தது. அரூஸ் வெளியே வந்து கெப்பை ஒரு சுற்றுச் சுற்றினார். முன் டயர் ஒன்றின் வெடிப்பில் விரல் நகத்தை விட்டுப் பார்த்தார். உள்ளே போனது.

"தாஸ் அண்ணே, இதுலயா ஹைவேல போறீங்க?"

"ஆமா."

"அல்லா காப்பாத்தியீக்கான்," என்றார் அரூஸ், குற்றம் சாட்டுகிற குரலில் அல்ல, கணக்கு முடிக்கிற குரலில். "எங்கயெல்லாம் ஓடுது இப்ப?"

"எல்லாம் தார்தான். கட்டுநாயக்க."

அரூஸ் மூன்று டயர்களை உருட்டிக்கொண்டு வந்து சுவரில் சாய்த்தார். முதலாவது பழையதின் தம்பி. இரண்டாவதற்குப் பல்லும் இருந்தது, பல்லுக்கிடையில் நெருக்கமும் இருந்தது. மூன்றாவது ஒரு பாடசாலை வாத்தியார் மாதிரி, நேர் நேராக நான்கு பள்ளம், ஓரத்தில் மெல்லிய கோடுகள்.

"இது காட்டுக்கு. இது ரோட்டுக்கு. நடுவுல ஈக்கிறது ரெண்டுக்கும். ரெண்டுக்கும்னா, ரெண்டுலயும் பாதி. நீங்க காட்டுக்கு போறல்ல. அப்ப ரோட்டு டயர்தான். இந்தப் பள்ளத்தால மழத்தண்ணி வெளிய போயிரும், ரோட்ட புடிச்சிக்கிட்டு ஓடும். டீசலும் கொறையும். பூ ஏத்துறதுன்னாலும் பின்னுக்குப் பாரம் ஈக்கிதுதானே, அதனால பாரம் தாங்குற நம்பர்ல தாறன். வருசம் பாருங்க, புதுசு."

அமலதாஸ் வருசத்தைப் பார்த்தார். புதுசுதான்.

"சத்தம் போடுமா?"

"சத்தமா? ஒங்களுக்கு ஓடுதா நிக்கிதான்னே வெளங்காது."

"கொஞ்சமும் போடாதா?"

"சத்தியமா போடாது."

அமலதாஸ் மூன்றாவதைப் பார்த்தார். பிறகு முதலாவதைப் பார்த்தார்.

"மொதலாளி, சத்தம் போடுறதுல நல்லது ஒண்ணு இல்லியா?"

அரூஸ் இதற்குப் பதில் சொல்வதற்கு முன் கடையின் கதிரையில் உட்கார்ந்தார்.

"இங்க வாறவங்க வெல கூடன்னு செல்லுவாங்க. சைனாவா ஜப்பானான்னு கேப்பாங்க. சத்தம் காணாதுன்னு ஒருத்தரும் கேட்டில்ல. ஏன், பொலிஸ் வண்டி மாதிரி சத்தம் போட்டு வழி கேக்கணுமா?"

"பழகிப் போச்சு."

"பல்லுவலியும்தான் பழகும்."

"அப்ப நடுவுல இருக்கிறத தாங்க," என்றார் அமலதாஸ். "அது கொஞ்சமாவது போடும்தானே."

"போடும். ஆனா ஒங்களுக்கு என்னத்துக்கு அது? பக்கத்துல ஆரு வாறது?"

"மகள். ஞாயித்துக்கிழம கூட்டிட்டு வரணும். எட்டு மாசம்."

அரூஸ் எழுந்தார். காட்டு டயரை உருட்டிக்கொண்டு போய் உள்ளே வைத்தார். திரும்பி வந்து நடு டயரையும் உருட்டிக்கொண்டு போனார். சுவரில் மூன்றாவது மட்டும் நின்றது.

"இனி தெரிவு செய்யுங்க," என்றார்.

நான்கு சில்லுக்கும் போட்டு, காற்றடித்து, சில்லு நேராக நிற்கிறதா என்று பார்த்து முடிய பள்ளிவாசலில் பின்னேர அசர் தொழுகைக்கு வாங்கு சொல்லிவிட்டார்கள். கழற்றியதில் வெடிப்புக் குறைந்த ஒன்றை மேலதிகச் சில்லாக வைக்கச் சொன்னார் அமலதாஸ். அதுவும் வேண்டாம் என்று அரூஸ் புதிதாக ஐந்தாவதையும் போட்டார்.

வீடு திரும்பும் வழியில் கெப்புக்குள் இதுவரை என்னென்ன இருந்தன என்று அவருக்குத் தெரியவந்தது. பின் கதவுக் கைபிடி ஆடுகிற சத்தம். எங்கேயோ உருளும் ஒரு நாணயம். கண்ணாடியில் தொங்கிய செபமாலை ஒவ்வொரு திருப்பத்திலும் முன் கண்ணாடியில் மோதி டிக் என்றது. அவருடைய மூச்சுக்கூடக் கேட்டது. அது அவ்வளவு நல்ல மூச்சாகவும் இல்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தபோது அவர் டாஷ்போர்டில் ஒருமுறை தட்டிப் பார்த்தார். தட்டு தெளிவாகக் கேட்டது. அதற்கு முன்னால் யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதும் தெளிவாகக் கேட்டது. புனித மரியே என்று தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார்.

தெருமுனையில் திரும்பியபோது யாரும் எட்டிப் பார்க்கவில்லை. வாசலில் நிறுத்திய பிறகுதான் சுந்தரி வந்தாள்.

"என்னண்ணே, தள்ளிக்கிட்டா வந்தீங்க?"

ஞாயிறு காலை நீர்கொழும்பில் கிஷான் நான்கு டயரையும் குனிந்து பார்த்தான். ஐந்தாவதையும் பார்த்தான். பிறகு அனற்றின் பையைப் பின் இருக்கையில் வைத்தான். அவனுடைய வேலையில் அதுதான் கையெழுத்து. சம்பந்தியம்மா ஒரு சட்டி சம்பலும் ஒரு தலையணையும் தந்தார். சம்பந்தி, மஹய்யாவையில் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று கடைசியாக ஒருமுறை கேட்டார். பக்கத்தில்தான் என்றார் அமலதாஸ்.

மீரிகமையில் ஹைவேயில் ஏறினார்கள். மழை தூறியது. கெப் ரோட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் ஓடியது. அனற் முன் இருக்கையில் தலையணையை முதுகுக்கு வைத்து, கையை நீட்டிச் செபமாலையைக் கழற்றினாள். சிலுவை அடையாளம் போட்டுத் தொடங்கினாள்.

அவருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. தாயின் குரல் இல்லை, கொஞ்சம் தடித்த குரல். அவள் தன் பாதியை முடித்தாள். அவர் சும்மா இருந்தார்.

"அப்பா?"

"ம்."

"சொல்லுங்க."

"தட்டணும்."

"என்னத்த?"

"அம்மா தட்டுவா. டாஷ்போர்டுல. அதுக்குப் பிறகுதான் நான்."

அனற் அவரைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. அவர் வேகத்தைக் குறைத்தார்.

"அப்பா, ஒங்களுக்கு அம்மா சொன்னது ஒண்ணுமே கேட்டதில்லியா?"

"டயர் சத்தத்துல எங்க கேக்கிறது."

கல்யாணத்துக்கு முன் அனற் கட்டுநாயக்கவில் வேலை செய்தவள். விடுமுறை முடிந்து போகிற நாட்களில் இதே கெப்பின் பின் இருக்கையில், தாயின் தோளுக்குப் பின்னால் தலையை வைத்துத்தான் போவாள்.

"ரெண்டு பத்துவரைக்கும் அம்மா ஒழுங்கா செபம் சொல்லுவாங்க. மூணாவதுலேர்ந்து ஒங்களப் பத்தித்தான்."

"என்னப் பத்தி என்ன?"

"இந்த மனுசன் வளைவுல ஹோர்ன் அடிக்கிறதே இல்ல. டக்குனு ஒரு தட்டு. நீங்க, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் ஆமென். சீனி வருத்தத்த வச்சிக்கிட்டு கட்டுநாயக்கல களவா கேக் சாப்பிடுறாரு, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டு. தட்டு. நீங்க, ஆமென். பின்னால திரும்பி எனக்குக் கண்ணடிப்பாங்க."

அமலதாஸ் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வைப்பர் இரண்டு முறை போய் வந்தது.

"பாவமில்லியா அது?"

"நானும் கேட்டேன். ரெண்டு பத்து மாதாவுக்கு, மிச்சம் வீட்டுக்கு, மாதாவுக்கும் ஒரு வீடு இருந்திச்சிதானேன்னாங்க."

"வேற என்ன சொன்னா?"

அனற் யோசித்தாள்.

"டயர். அது எல்லாத் தரமும் வரும். ஹேவாஹெட்டைக்குப் போறதும் இல்ல, இந்தச் சனியன மாத்துறதும் இல்ல, நான் சொல்றது ஒண்ணும் இவருக்குக் கேக்கிறதும் இல்ல. தட்டு."

"நான் ஆமென் சொன்னேனா?"

"சத்தமா."

சேற்று டயரை இறுகப் பிடித்துக்கொண்டு இரண்டு கிழமை தான் காவல் இருந்தது எதற்கு என்று அவர் எண்ணிப் பார்த்தார். கத்தரீனா மாற்றச் சொல்லிச் சொல்லிக் களைத்த சத்தத்துக்கு. அந்த இருக்கையில் இனி யாரும் சொல்லவில்லை என்பது உண்மைதான். ஆனால் சொன்னவை இருந்தன. அன்று பின் இருக்கையில் இருந்த ஒருத்தி அத்தனையையும் வைத்திருந்தாள்.

"எங்க நிப்பாட்டினோம்?" என்றார்.

"மொத மணிதான்."

அவர் தன் பாதியைச் சொன்னார். முதல் பத்தும் இரண்டாவது பத்தும் குறையில்லாமல் போயின. மூன்றாவது பத்தில் அனற் தொண்டையைச் செருமினாள்.

"கிஷான்ட அம்மா சோத்துக்கு உப்பே போடுறதில்ல," என்று, தாயைப் போலவே கண்ணை மூடிக்கொண்டு சொல்லி, டாஷ்போர்டில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், ஆமென்," என்றார் அமலதாஸ்.

குருநாகலில் இறங்கி மாவத்தகமையைத் தாண்டினார்கள். கலகெதரையின் முதல் வளைவு வந்தபோது எதிரே ஒரு வாகனமும் இல்லை, பின்னாலும் இல்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. அவர் கையை வைத்து நீளமாக ஹோர்ன் அடித்தார்.