ரிகர்சலில் கிளம்பிப்போன லாரி

சத்யபிரியா எடுத்த குறும்படம் எந்தப் போட்டியிலும் பரிசு வாங்கவில்லை. அதனால் என்ன, பொங்கல் தீபாவளிக்கு நாலு பேர் கூடினால் போதும், "அந்த லாரிப் படத்தப் போடு சாமி" என்று அம்மா ராமாயி டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். படம் ஓட ஆரம்பித்தால் சத்யாவுக்கு அந்தக் காலைப்பொழுது டீசல் வாசனையோடு திரும்பி வரும்.

அப்பா மணியன் லாரியை விற்றிருந்த சமயம் அது. முழங்கால் கிளட்சை மிதிக்க மறுத்துவிட்டது. வாங்கிய சங்ககிரிக்காரரிடம் அன்று மதியத்துக்குள் வண்டியை ஒப்படைக்க வேண்டும். அந்த வண்டி வருவதையும் போவதையும் பார்த்து வளர்ந்தவள் சத்யா. கைவிட்டுப் போகுமுன் அதைப் படமாக்கி வைத்துவிடத் துடித்தாள். கதை பெரிதாக ஒன்றுமில்லை. டிரைவர் லோடுக்குக் கிளம்புகிறான். வண்டி கண்ணுக்கு மறையும்வரை பெண்டாட்டி வாசலில் நின்று பார்க்கிறாள். அந்தப் பார்வைதான் படத்தின் உயிர்.

காசில்லாத படத்துக்கு எல்லாமே இரவல். கேமராவோடு வந்தவன் கல்லூரித் தோழன் ஜெனிஷ், ஃபேர்லேண்ட்ஸ் ஏரியாவில் கல்யாண வீடியோ எடுக்கிறவன். டிரைவர், அப்பாவேதான். நடிக்க வேண்டிய தோழி காய்ச்சலில் படுத்துவிட்டதால் பெண்டாட்டி வேஷம் அம்மா தலையில் விழுந்தது.

"வண்டி மறையற வரைக்கும் பாத்துட்டே நில்லுங்கம்மா, அவ்வளவுதான்" என்றாள் சத்யா.

"அது ஆகாது சாமி. போற வண்டியப் பாத்துட்டு நிக்கக் கூடாது. தண்ணி ஊத்துனமா, ஊட்டுக்குள்ள போனமான்னு இருக்கோணும்."

"நடிப்புதானுங்கம்மா."

அம்மா அரைமனதாகத் தலையாட்டினாள். முதலில் ஒரு ரிகர்சல், தெருவிலிருக்கும் வேப்பமரம் வரை போய்விட்டு ரிவர்ஸில் வந்தால் போதும் என்று சத்யா அப்பாவிடம் சொன்னாள். அவரும் "செரி கண்ணு" என்றார். ஆனால் தொட்டில் பழக்கம் விடுமா? சூடம் கொளுத்தினார், டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார், ஏறி உட்கார்ந்தார். அம்மா சொம்புத் தண்ணீரை முன்சக்கரத்தில் ஊற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போனாள். பழம் நசுங்கியது. லாரி வேப்பமரத்தைத் தாண்டியது, தெருமுக்கில் திரும்பியது, போயே போய்விட்டது.

பிள்ளையார் கோயிலில் நிறுத்திய பிறகுதான் அப்பா போனை எடுத்தார். "பழத்த மிதிச்ச வண்டியத் திருப்பக் கூடாது கண்ணு. அப்படியே சங்ககிரியில உட்டுட்டு பஸ்ஸுல வாரேன்."

சத்யா வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். இனி லாரியும் இல்லை, படமும் இல்லை.

"நான் எடுத்துட்டேன்" என்றான் ஜெனிஷ். தாலி கட்டுக்கு ரிகர்சல் ஏது? எது அசைந்தாலும் பட்டனை அமுக்கிப் பழகிய விரல்.

"எத எடுத்த? காலி வாசலையா?"

"லாரிய."

சாயங்காலம் அப்பா வந்ததும் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தார்கள். லாரி தூரப் போய்க்கொண்டிருந்தது. அதன் பக்கக் கண்ணாடியில் சின்னதாக அப்பாவின் முகம். ஜெனிஷ் அதைப் பெரிதாக்கினான். அப்பாவின் கண் திரும்பத் திரும்பக் கண்ணாடிக்கே வந்துகொண்டிருந்தது, முக்குத் திரும்பும்வரை.

"ஏனுங்க, எதைப் பாக்கறீங்க?" என்றாள் அம்மா.

அப்பா கழுத்தைச் சொறிந்தார். "வாசலத்தான்."

"நாந்தான் உள்ள போயிட்டனே."

"நீ எப்பவும் போயிருவ. நான் பாத்துட்டுத்தான் போவேன்."

"எப்பவுமா?"

"ஒவ்வொரு லோடுக்குந்தான்."

அம்மா லேப்டாப்பைக் கிட்டே இழுத்துக்கொண்டாள். "மறுக்காப் போடு சாமி" என்றாள்.

அந்தக் காட்சியே படமானது. இன்றைக்கும் அப்படித்தான். இது போகிற வண்டி இல்லை, பார்த்தால் ஒன்றும் ஆகாது என்பது அம்மாவின் கணக்கு. அப்பா பக்கத்திலேயே முறுக்குக் கடித்துக்கொண்டிருக்க, டிவியில் அந்த லாரி முக்குத் திரும்பி மறையும்வரை அம்மா கண்ணெடுக்காமல் பார்ப்பாள். அன்று சத்யா கேட்டுக் கிடைக்காத பார்வை அது. சத்யா படத்தைப் பார்க்கமாட்டாள், அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.