ஜிப் வைத்த மலை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சாப்பாட்டு இடைவேளையிலிருந்து வந்தது.

நான் வேலை செய்யும் கண்ணாடிக்கடையில், முன்னறையில் கண் பரிசோதனை செய்வது அக்கா; கூடப் பிறந்தவள் இல்லை, கூட வேலை பார்ப்பவள். பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்கார வைப்பது நான். அக்கா குடும்பத்தோடு வடக்கே போய், அங்கே ஒரு காரை வாடகைக்கு எடுத்துப் பனிமலைக்குப் போய்விட்டு வந்த மறுநாள், டிபன் டப்பாவைத் திறந்தபடி கேட்டேன்.

"மலை எப்படிக்கா இருந்துச்சு?"

"பழுப்பு கலர்ல இருந்துச்சு. நடுவுல ஒரு ஜிப். கீழ ஒரு பை. பைக்குள்ள யாரோ குடிச்சுட்டு வச்ச தண்ணி பாட்டில்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. அவள் சொன்னது முன் இருக்கையின் முதுகை.

"உலகத்துலயே பெரிய மலைடி. போற வழி பூரா என் மூக்குக்கு முன்னாடியே இருந்துச்சு."

சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் டப்பாவை மூடிவிட்டுக் கை கழுவப் போனாள். பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. அந்தப் பாதிதான் இந்தக் கதை.

நான் பனியைப் பார்த்ததே இல்லை. எனவே அதைப் பற்றி எழுத எனக்கு எல்லாத் தகுதியும் இருப்பதாக நினைத்தேன்.

2

முதல் தொடக்கம்:

பனி பெய்துகொண்டிருந்தது. நெடிய மேலங்கி அணிந்த ஒரு மனிதன், வெகு தொலைவிலிருந்து

[நிறுத்து. யார் இந்த ஆள்? காரில் இவருக்கு இடமே இல்லை.]

தப்பு என்னுடையது. நான் படிப்பதெல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்கள். அவற்றில் முதல் பக்கத்திலேயே பனி பெய்யும், யாராவது இருமுவார்கள். இருமியவர் முந்நூறாவது பக்கத்தில் சாவார். எங்கள் தெருவில் இருமினால் பக்கத்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிடுகிறார்கள். இலக்கியம் எப்படி உருப்படும்?

இரண்டாம் தொடக்கம்:

மலைகள் மனிதர்களைவிட மூத்தவை. அவற்றின் மாபெரும் மௌனத்தில்

[மௌனமா? அந்தக் காரிலா? பெரியப்பாவின் குறட்டையை எங்கே கொண்டுபோய் வைப்பது?]

மூன்றாம் தொடக்கம்:

ஐந்து பேர் உட்காரும் காரில் ஐந்து பேர் போனார்கள்.

இதில் ஓர் அழகும் கிடையாது. ஆனால் பொய்யும் கிடையாது. வைத்துக்கொள்கிறேன்.

3

ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் அக்காவின் வீட்டுக்காரர். அவர் பக்கத்தில், முன் இருக்கையில், அவருடைய அண்ணன். அக்காவின் மகளுக்குப் பெரியப்பா. நாமும் அப்படியே கூப்பிடுவோம். வேறு எப்படிக் கூப்பிட்டாலும் அவருக்கு முகம் சுருங்கும். பின்னால் ஒரு ஜன்னலோரம் பெரியம்மா. முட்டிவலி, காலை நீட்டியாக வேண்டும். மறு ஜன்னலோரம் மகள். வளைவு வந்தால் வாந்தி வரும். பெரியப்பா முன்னால் உட்கார்ந்ததற்குக் காரணம், அவர் பெரியப்பா.

ஆக எல்லாருக்கும் ஒரு காரணம் இருந்தது. நடு இருக்கை என்பது காரணம் இல்லாதவர்களுக்காகவே கார் செய்கிறவர்கள் யோசித்து வைத்த இடம். சொகுசு அதிகமாகிவிடக் கூடாது என்று காலடியில் ஒரு மேடும் வைத்திருக்கிறார்கள். அங்கே அக்கா உட்கார்ந்தாள். பெரியம்மா காலைக் குறுக்கே நீட்ட நீட்ட, அக்கா நகர்ந்து நகர்ந்து பெரியப்பாவின் இருக்கைக்கு நேர் பின்னால் வந்து சேர்ந்தாள். மலை தெரிய ஆரம்பித்தது. அதாவது, ஜிப்.

(நானும் நீங்களும் டிக்கியில் இருக்கிறோம், பெட்டிகளோடு. இருக்கை கேட்கும் அளவுக்கு நமக்கு இன்னும் முட்டிவலி வரவில்லை.)

4

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அக்காவுக்கு அந்த முன் இருக்கை எதற்கு?

எங்கள் கடையின் கண் பரிசோதனைக் கருவியில் தாடையை வைத்துப் பார்த்தால் உள்ளே ஒரு படம் தெரியும். நேரான சாலை, சாலை முடிகிற இடத்தில் ஒரு பனிமலை. முதலில் மங்கும், பிறகு தெளியும். வாடிக்கையாளர் மலையைப் பார்ப்பார். வாடிக்கையாளரின் கண்ணை அக்கா பார்ப்பாள். "மலை தெரியுதா? அதையே பாருங்க. சிமிட்டாதீங்க." கல்யாணத்துக்கு முன்பிருந்தே நாள் முழுக்க இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இந்தப் பயணமே அவள் கேட்டுக் கேட்டுக் கிளம்பியதுதான்.

[நீங்கள் இப்போது பென்சிலை எடுத்து ஓரத்தில் 'குறியீடு' என்று எழுதப் போகிறீர்கள். வேண்டாம். எனக்கே கூச்சமாக இருக்கிறது. என் கையில் இருந்தால் அவளுக்கு ஒரு வங்கி வேலையாகப் பார்த்துக் கொடுத்திருப்பேன். என் கதை நன்றாக வர வேண்டும் என்பதற்காக அவள் வேலையை விட முடியாது அல்லவா?]

"வண்டி நின்ன இடத்துல எல்லாம் இறங்கிப் பாத்திருக்கலாமேக்கா?" என்று கேட்டேன்.

"இறங்குன இடத்துல எல்லாம் பெரியம்மாவக் கைத்தாங்கலா மறைவுக்குக் கூட்டிட்டுப் போனது யாரு, நீயா? அதோட, நின்னு பாக்குறது மெஷினுக்குள்ள பாக்குற மாதிரிதான்டி. ரோடும் அப்படியே கிடக்கும், மலையும் அப்படியே கிடக்கும். ரோடு நம்ம கிட்ட வரணும். வளைஞ்சு வளைஞ்சு வந்து, கடைசி வளைவுல டபக்குனு மலை முன்னாடி வந்து நிக்கணும்."

"திரும்பி வரும்போது?"

"திரும்பும்போது மலை முதுகுக்குப் பின்னாடில்ல இருக்கும். கண்ணாடிக்கடையில வேலை பாக்குற, இதுகூடத் தெரியல."

5

இனி கதை. (முயற்சி செய்கிறேன்.)

மலையடிவாரத்தில் பெரியப்பா ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, "இயற்கைய ரசிக்கணும்பா. அதுக்குத்தான் வந்திருக்கோம்" என்று அறிவித்தார். முதல் வளைவு திரும்புவதற்குள் தூங்கிவிட்டார். தூங்குமுன் இருக்கையை நன்றாகச் சாய்த்துக்கொண்டதால், அக்காவுக்கு மலை இன்னும் கிட்ட வந்தது. இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவே கையகலத்துக்கு ஓர் இடைவெளி இருந்தது. அதில் பெரியப்பாவின் தலை சாய்ந்து விழுந்தது. மகளின் ஜன்னலில் வெயிலுக்காகத் துண்டு தொங்கியது.

துண்டை விலக்கி, கைபேசியை வெளியே நீட்டிப் படம் எடுத்தாள் மகள்.

"அம்மா, செமயா இருக்கும்மா. இங்க பாரு."

ஜன்னலுக்கு வெளியே இருந்த மலையை அக்கா கைபேசியில் பார்த்தாள்.

"நல்லாருக்கு. நீ எலுமிச்சம்பழத்த மோந்துக்கோ."

டீ குடிக்க நிறுத்தினார்கள். பெரியப்பா இறங்கவில்லை, அவருடைய டீயை அக்கா கொண்டுபோய், எழுப்ப மனமில்லாமல் திரும்பக் கொண்டுவந்தாள். தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, நான் கொஞ்ச நேரம் முன்னாடி உக்காரட்டுமா?"

வீட்டுக்காரர் டீயை ஊதினார். "முன்னாடி உக்காந்தா தூங்கக் கூடாது. ஓட்டுறவனுக்கும் தூக்கம் வந்துரும். உன்னால முடியாது."

காருக்குள்ளிருந்து குறட்டை கேட்டது.

"அண்ணன் பாவம், நேத்து சரியாத் தூங்கல."

"அப்போ பெரியப்பா..." என்று ஆரம்பித்தாள் மகள்.

"பெரியவங்க விஷயத்துல நீ வாயத் திறக்காத" என்றார் வீட்டுக்காரர்.

அதோடு அந்த வாக்கியம் பாதியில் நின்றது. என் வாக்கியங்கள் பாதியில் நிற்பதற்காவது ஒரு சதுர அடைப்புக்குறி போட்டு வைக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு அதுவும் இல்லை. மிச்சத்தை விழுங்கிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள்.

6

என் பாத்திரத்துக்கு அநியாயம் நடக்கும்போது சும்மா பார்த்துக்கொண்டிருக்க நான் என்ன வீட்டுக்காரரா? எனவே இரண்டாம் வரைவில் பெரியப்பாவைக் கொன்றேன்.

நல்ல சாவு. பனிச்சரிவு, நீல வெளிச்சம், ஒரு பக்கத்துக்கு உவமை. முன் இருக்கை காலியானது. உடனே அதில் பெரியம்மாவை உட்கார வைத்தார்கள். "புருஷனப் பறிகொடுத்தவங்க, கொஞ்சம் காத்தாட வரட்டும்." அக்கா பின்னால் பழைய இடத்திலேயே இருந்தாள். இப்போது கூடுதலாக அழவும் வேண்டியிருந்தது.

மூன்றாம் வரைவில் பெரியம்மாவையும்

[வேண்டாம். இப்படியே போனால் அக்கா மலையைப் பார்ப்பதற்குள் ஒரு வம்சமே அழிந்துவிடும்.]

நான்காம் வரைவில் அக்காவுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். அன்றைக்குத்தான் பெரியப்பா கண்கொட்டாமல் விழித்திருந்தார். "கியர மாத்து. ஹாரன் அடி. பள்ளத்தப் பாரு, பள்ளத்தப் பாரு!" அக்கா பள்ளத்தைப் பார்த்தாள்.

எல்லாவற்றையும் அவளிடமே படித்துக் காட்டினேன். லென்ஸ் துணியால் கருவியைத் துடைத்தபடி கேட்டாள்.

"எதுக்குடி அவரக் கொன்ன? பாவம், சுகர் பேஷண்ட்."

"கதைக்காகக்கா."

"கதைக்காகச் சாகுற அளவுக்கு அவரு ஒண்ணும் கெட்டவரு இல்ல. என் பிரசவத்தப்ப ரத்தம் குடுத்ததே அவருதான்."*

"அப்படின்னா கடைசி வரைக்கும் அந்த சீட்டு காலியாவே ஆகலையா?"

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"ஆச்சே" என்றாள்.

* இதை முன்பே சொல்லியிருந்தால் அவரை வில்லனாக்கும் சிரமம் எனக்கு மிச்சமாகியிருக்கும். உயிரோடு இருக்கும் பாத்திரங்களிடம் இதுதான் தொல்லை. தகவலைத் தாமதமாகத் தருவார்கள்.

7

கடைசி வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் பாறை சரிந்து சாலையை அடைத்திருந்தது. வண்டிகள் வரிசையாக நின்றன. மண் அள்ளும் இயந்திரம் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. பெரியப்பா விழித்துக்கொண்டார். யாராவது வேலை செய்யும் இடத்தில் அவரால் சும்மா இருக்க முடியாது, வழிகாட்டியாக வேண்டும். இறங்கிப் போய் இயந்திரக்காரருக்கு இடது, வலது என்று கைகாட்ட ஆரம்பித்தார். இயந்திரக்காரர் ஒருமுறைகூட இவர் பக்கம் திரும்பவில்லை. வீட்டுக்காரரும் மகளும் வேடிக்கை பார்க்கப் போனார்கள்.

பெரியம்மாவை மறைவுக்குக் கூட்டிப்போய்த் திரும்ப வண்டியில் ஏற்றிவிட்டு நிமிர்ந்த அக்கா, முன்கதவு திறந்திருப்பதைப் பார்த்தாள்.

சுற்றுமுற்றும் பார்த்தாள், பக்கத்து வீட்டுக் கொடியில் துணி எடுப்பவளைப் போல. ஏறி உட்கார்ந்தாள். இருக்கை சாய்ந்து கிடந்ததால் வானம் மட்டும் தெரிந்தது. பக்கவாட்டில் துழாவி, பிடியைக் கண்டுபிடித்து, நிமிர்த்தினாள். இப்போது கண்ணாடி முழுக்கச் சாலை. புழுதி. புழுதிக்குப் பின்னால் அந்தக் கடைசி வளைவு. மலை அதற்கு அந்தப் பக்கம். வண்டி திரும்பினால் வந்துவிடும். காலை நீட்டினாள். முட்டி எதிலும் இடிக்கவில்லை.

("காலுக்கு அவ்வளவு இடம் இருக்குடி முன்னாடி!" என்றாள் என்னிடம். மலையைப் பற்றிப் பேசும்போதுகூட அவள் குரலில் அத்தனை ஆச்சரியம் இருந்ததில்லை.)

பாறை புரண்டு வழிவிட்டது. வண்டிகள் உயிர்பெற்றன. வீட்டுக்காரர் வந்து ஏறி, பக்கத்தில் மனைவியைப் பார்த்தார். வண்டியைக் கிளப்பினார். மகள் வந்து பின்னால் ஏறினாள். பெரியம்மா முன்னால் ஒருமுறை பார்த்துவிட்டு, நீட்டியிருந்த காலை மெதுவாக மடக்கிக்கொண்டார். கடைசியாகப் பெரியப்பா வந்தார், பாறையைத் தானே நகர்த்தியதுபோல இரண்டு கைகளையும் தட்டிக்கொண்டு. முன்கதவருகே வந்து நின்றார்.

"எழுந்திருன்னு சொன்னாரா?" என்று கேட்டேன்.

"இல்லடி. ஒண்ணுமே சொல்லல. கதவப் புடிச்சிட்டு நின்னாரு."

"உங்க வீட்டுக்காரர்?"

"சாவியத் திருகிட்டு இருந்தாரு. வண்டி முன்னாடியே ஸ்டார்ட் ஆயிருச்சு."

"உங்க பொண்ணு?"

"ஃபோனப் பாத்துச்சு. அங்க சிக்னலே கிடையாது."

"அப்புறம்?"

"நானா எழுந்துட்டேன்." துணியை உதறி மடித்தாள். "யாரும் எழுந்திருன்னு சொல்லலடி. யாரும் உக்காருன்னும் சொல்லல."

வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே வந்தார். அக்கா கருவிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். "தாடைய நல்லா வைங்க. மலை தெரியுதா?"

8

முடிவுகள்.

உண்மையான முடிவு: வண்டி கடைசி வளைவைத் திரும்பியது. எல்லாரும் "ஆ" என்றார்கள். அக்கா ஜிப்பைப் பார்த்தபடி, அந்த "ஆ"வைக் கேட்டாள். ஒருவர் மட்டும் "ஆ" சொல்லவில்லை. தூங்கிவிட்டார்.

இறக்குமதி முடிவு: அக்கா காரிலிருந்து இறங்கி, பனிவெளியில் தனியாக நடந்து, ஒரு புள்ளியாகி மறைகிறாள். படிக்க அருமையாக இருக்கும். ஆனால் அவள் போட்டிருப்பது ரப்பர் செருப்பு. திங்கட்கிழமை கடையை அவள்தான் திறக்க வேண்டும்.

இன்னொரு முடிவு: அக்கா எழுந்திருக்கவில்லை.

இதைத்தான் எழுத ஆசைப்பட்டேன். எழுதிப் பார்த்தேன், மாற்றி மாற்றி. ஒவ்வொரு தடவையும் பெரியப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. அவரை மலையில் விட்டுவிட்டுப் போக முடியாது, ரத்தம் கொடுத்தவர். பின்னால் நடுவில் இடம் இருக்கிறது. யாராவது அவரிடம் அதைச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரருக்குச் சாவி இருக்கிறது. மகள் ஒருமுறை ஆரம்பித்து வாங்கிக் கட்டிக்கொண்டாள். அக்கா பேச வேண்டியதையெல்லாம் அந்த இருக்கையில் உட்கார்ந்ததிலேயே பேசி முடித்துவிட்டாள். நானோ, பனிச்சரிவை வரவழைத்து அவரைக் கொல்லத் தெரிந்தவள். அவரை ஓர் இருக்கை தள்ளிப் பின்னால் உட்கார வைக்கத் தெரியாதவள்.

மிச்சம் இருப்பது நீங்கள். ஆமாம், நீங்கள்தான். டிக்கியில், பெட்டிகளோடு. தொடக்கத்திலிருந்து ஓசிச் சவாரி, நடுநடுவே "அடப்பாவமே" என்று உச்சுக்கொட்டல். அங்கிருந்து பேசினாலும் முன்னால் கேட்கும். ஒரு வரி போதும். மரியாதையாகவே சொல்லலாம், உங்கள் வீட்டில் இதுவரை சொல்லிப் பழக்கமில்லை என்றால் இங்கே பழகிக்கொள்ளுங்கள்.

பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். பெரியம்மா காலை மடக்கிக்கொண்டு காத்திருக்கிறார். கடைசி வளைவு எதிரே இருக்கிறது. அக்கா இன்னும் எழுந்திருக்கவில்லை. ஆனால் அவள் கை கதவுப் பக்கம் போகிறது. சீக்கிரம்.

"பெரியப்பா, ........................................................"

(சத்தமாக. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.)